பங்களாத் துவக்கின் வயது

தமிழ்நாட்டார் துப்பாக்கி என்று சொல்வதை இலங்கைத் தமிழர் துவக்கு என்பர். சிங்கள மக்களும் துவக்குவ என்றே வழங்குகின்றனர். துப்பாக்கியும் துவக்கும் துருக்கி மொழிச் சொல் ஒன்றிலிருந்து பிரிந்து வந்த உடன்பிறப்புகளே என்பது மொழியறிஞர் கருத்து. சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து சொல்ல அகராதி உண்டு. ஆனால், சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பங்களா ஒன்றின் அலுமாரியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கும் இரட்டைக் குழல் துவக்கு எங்கிருந்து வந்தது, அதன் வயது என்ன என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "அது வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான்."

வெள்ளைக்காரத் துரை காலம் என்பது சிறியதொரு காலம் அன்று. கோப்பிப் பயிர் செழித்த 1840களில் தொடங்கி, கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்ற 1975ஆம் ஆண்டு வரை அது நீள்கிறது. அந்தக் காலத்துக்குள் துவக்கு என்னும் கருவி நாலைந்து பிறவி எடுத்துவிட்டது. ஆகவே மேற்சொன்ன விடை விடையாகாது.

பழம்பொருளின் வயதை அறிவதால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். மற்றப் பழம்பொருள்களில் வயதைத் தவறாகக் கணித்தால் விலை குறையும், அவ்வளவே. துவக்கின் வயதைத் தவறாகக் கணித்தால் கைவிரல் போகும், சில வேளை கண்ணும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் குழல்கள் கருமருந்துக்கென அமைந்தவை. கருமருந்து எரியும்போது எழும் அழுத்தம் ஒரு வகை. பின்னாளில் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு வகை. முன்னதற்குச் செய்த குழலில் பின்னதன் தோட்டாவை இட்டு விசையை இழுப்பவர், தம் கன்னத்துக்கு அருகே ஒரு வெடிகுண்டைப் பிடித்திருப்பவர் ஆகிறார். இரத்தினபுரி போன்ற ஓயாத மழைப் பிரதேசத்தில் குழலின் உட்புறத்தைத் துருவும் அரித்திருக்குமாயின் ஆபத்து இரட்டிப்பாகும்.

நல்வாய்ப்பாக, ஆங்கிலேயர் செய்த துவக்குகள் தம் பிறப்புச் சான்றிதழைத் தம் உடலிலேயே சுமந்து திரிகின்றன. அந்த நாட்டில் செய்யப்படும் குழல் எதுவும் விற்பனைக்கு வருமுன், வழக்கத்துக்கு மிகுந்த மருந்தை இட்டு வெடித்துச் சோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். சோதனையைத் தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவர். இலண்டனில் 1637ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்ற துவக்குச் செய்வோர் சங்கம் இப்பணியைச் செய்து வந்தது. பேர்மிங்காம் நகரில் 1813ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தால் தனிச் சோதனைச் சாலை ஒன்று நிறுவப்பட்டது. இந்த முத்திரைகள் வெளிப்பார்வைக்குத் தெரியா. தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்த பின்னர், குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றிக் கவிழ்த்து, மருந்தறையின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் அவை தென்படும்.

பேர்மிங்காம் முத்திரையே தோட்டத் துவக்குகளை ஆராய்வோருக்கு மிகவும் பயன்படுவது. இரண்டு செங்கோல்கள் குறுக்காக அமைந்து, மேலே முடியும் இடையே எழுத்துகளும் காணப்பட்டால், அந்தக் குழல் 1813க்கும் 1904க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. எழுத்துகள் பி, பி, சி என்றிருக்கும். வானொலி நேயர்கள் நன்கறிந்த பி.பி.சி. அன்று இது, பேர்மிங்காம் சோதனைக் கம்பெனி என்பதன் சுருக்கம். செங்கோல்கள் மறைந்து, முடியின் கீழ் பி.பி., பி.வி. என்னும் எழுத்துகளும், புகையில்லா மருந்தின் சோதனையைக் குறிக்கும் என்.பி. என்னும் எழுத்துகளும் நின்றால் காலம் 1904 முதல் 1954 வரை. பி.என்.பி. என மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அது 1954க்குப் பிற்பட்டது. மேலும் 1921 முதல் இச்சாலையினர் ஆண்டுக்கு ஓர் எழுத்தாகச் சிறு வட்டத்துள் பொறித்து வந்தமையால், அக்காலத்துக் குழலுக்கு ஆண்டையே சுட்டிச் சொல்லலாம். இலண்டன் முத்திரையான முடிதரித்த ஜி.பி., வி. ஆகியன நெடுங்காலம் மாறாதிருந்தவை; அவற்றை மட்டும் கொண்டு காலம் சொல்வது அரிது.

அப்போது துணைக்கு வருவன எண்கள். பன்னிரண்டு என்ற எண் குழலின் வாயளவைக் குறிக்கும். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுள் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல் பன்னிரண்டாம் எண் குழலாகும். மில்லிமீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 18.5. இந்த எண் சாய்சதுரக் கட்டத்துள் சி என்னும் எழுத்தோடு நின்றால் 1887ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். குழலின் முனை ஒடுங்கியதாயின், 1875 முதல் 1887 வரை "தனிக்குண்டுக்கு அன்று" என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகள் வழங்கிய வாசகம் ஆதலால், அதைக் காண்பவர் புதையல் கண்டவராவார். 1925ஆம் ஆண்டின் விதிகள் மருந்தறையின் நீளத்தையும் குறிக்கச் செய்தன. 1954க்குப் பின்னர், சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் அழுத்தம் என்னும் கணக்கு வந்து சேர்ந்தது. மருந்தறை நீளம் என்பதையும் அலட்சியம் செய்தல் கூடாது. பழைய ஆங்கிலத் துவக்குகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு ஆனவை. இக்காலத்தில் பெருவழக்காக விற்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அவற்றுள் நுழைந்துவிடும்; நுழைவதனாலேயே ஏற்றது என்று எண்ணுவது பிழை.

ஒரே குழலில் செங்கோல் முத்திரையும் பி.என்.பி. முத்திரையும் சேர்ந்து காணப்படுவதும் உண்டு. இது போலி என்று பதறுவதற்கில்லை. 1904க்கு முன் பிறந்த துவக்கொன்று 1954க்குப் பின்னர் பிரித்தானியாவுக்குச் சென்று, புகையில்லா மருந்துக்கு மீண்டும் சோதிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அவ்வாறாயின், ஐம்பதுகளுக்குப் பின்னரும் அதைப் பேணிய ஒருவர் இருந்தார் என்பதும், அது அக்காலத்தில் ஒருமுறையேனும் கடல் நாடு ஒன்றில் இருந்தது என்பதும் தாமே பெறப்படுகின்றன. முத்திரை வயதை மட்டுமன்று, வாழ்க்கையையும் சொல்லும் இடம் இது.

முத்திரைக்கு அடுத்தபடியாக எவரும் நோக்குவது குழலின் மேற்பட்டையில் எழுதிய பெயரையே. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஜோசப் மாண்டன் என்பவர் இலண்டனில் துவக்குச் செய்வோருள் தலைசிறந்தவராய் விளங்கி 1835இல் காலமானார். அவரிடம் தொழில் பார்த்த ஜேம்ஸ் பர்டி பின்னர் தனியே கடை வைத்துப் புகழ்பெற்றார். கல்கத்தாவில் மாண்டன் கம்பெனி என்னும் பெயரில் ஒரு கடை நெடுங்காலம் நடந்தது. அக்கடையின் பெயரைத் தாங்கிய தோட்டாத் துவக்கு, ஜோசப் மாண்டன் மறைந்து பல பத்தாண்டுகள் சென்றபின் செய்யப்பட்டதேயன்றி அவர் கையால் ஆனதன்று. சென்னையில் கைக்கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் கம்பெனியாரும் தம் பெயர் பொறித்த துவக்குகளை விற்றனர். அவர்கள் உலைக்களம் வைத்து நடத்தவில்லை. 1871இல் இலண்டனில் தோன்றிய இராணுவ கடற்படைக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாறே. இவர்களைப் போன்றோர் பேர்மிங்காமில் வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்றவர்கள். 1897இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான வெப்ளி ஸ்கொட் கம்பெனி, பிறர் பெயரில் விற்பதற்கென்றே துவக்குகளைச் செய்து கொடுத்து வந்தது. எனவே பெயர் கடையைச் சொல்லும், அடிமுத்திரை ஊரைச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் அடிமுத்திரையையே நம்புதல் வேண்டும்.

வரிசை எண்ணும் கவனிக்கத்தக்கது. குழல், நடுவுடல், முன்பிடி ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருத்தல் வேண்டும். வேறுபட்டால் இரண்டு துவக்குகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியுள்ளனர் என்பது தெளிவு. பர்டி, ஹொலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் முதலான பெருங்கடையினர், எண்ணையும் வாங்கியவர் பெயரையும் எழுதிய பேரேடுகளை இன்றும் வைத்திருக்கின்றனர். கூட்டுறவுச் சங்கத்தின் துவக்குப் பேரேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உள்ளன. சில துவக்குகளின் மேற்பட்டையில் பொன்னால் ஒன்று அல்லது இரண்டு என்று இழைத்திருப்பர். அவை சோடியாகச் செய்தவை. இரண்டு என்னும் இலக்கம் உள்ள துவக்குக்கு எங்கோ ஓர் அண்ணன் உண்டு.

இனி உடலமைப்பு. வாய்வழியே மருந்தும் ஈயமும் இட்டுக் கோலால் இடித்து நிரப்பும் துவக்கே முற்காலத்தது. பிரெஞ்சுக்காரரான லெபோஷே ஆக்கிய பின்புறம் திறக்கும் துவக்கை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெரும் பொருட்காட்சியில் கண்ட ஆங்கிலேயக் கைவினைஞர் அதைப் பின்பற்றலாயினர். 1860களில் நடுவில் அடிபடும் தோட்டா வந்தது. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த அன்சன், டீலி என்னும் இருவர், காதுபோல் வெளியே நிமிர்ந்து நின்ற குதிரைகளை உள்ளே மறைத்து, குழலைத் திறக்கும்போதே அவை தாமாக ஏறிக்கொள்ளும் பொறியை அமைத்தனர். அந்த எளிய அமைப்பே இன்றுவரை நிலைத்துள்ளது. குதிரை வெளியே இருந்தால் பழையது, உள்ளே இருந்தால் புதியது என்று இதைக்கொண்டு முடிவுகட்டல் ஆகாது. மலிவானதும் பழகியதும் ஆகையால் வெளிக்குதிரைத் துவக்குகள் இருபதாம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டன.

குழலின் மேனியில் நீரலை போலவும் மர இழை போலவும் கோலங்கள் ஓடுவதைச் சில துவக்குகளிற் காணலாம். இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் முறுக்கிச் சுருளாகச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. அதை டமஸ்கஸ் குழல் என்பர். கீழைநாட்டு வாளின் அலைக்கோலத்தை ஒத்திருந்தமையால் வந்த பெயர் அது; செய்முறை வேறு. அந்த வாள்களுக்கு வேண்டிய உருக்கோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காய்ச்சப்பட்டு மேற்காசியா சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் கிந்தி, சரந்தீப் உருக்கு வாளைக் குறிப்பிட்டிருக்கிறார். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பகுதியில், தென்மேற்குப் பருவக் காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து கண்ட கில் ஜூலெவ் அம்மையார், தம் ஆய்வை 1996இல் வெளியிட்டார். உலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. ஆகவே, டமஸ்கஸ் என்ற பெயரோடு கப்பலேறி இரத்தினபுரி மாவட்டத்துக்கு வந்த பேர்மிங்காம் குழல், அந்தப் பெயருக்கு உரிய புகழில் ஒரு பங்கை ஈட்டிய மலைகளின் நடுவே வந்து தங்கியது.

குழலின் வயதும் அது இத்தீவுக்கு வந்த காலமும் ஒன்றென்று கொள்ளலாகாது. துரைமார் தந்தையின் துவக்கையும் கொண்டுவந்தனர்; ஊர்திரும்பிய துரையிடம் பழையதை வாங்கியும் வைத்தனர். இங்கே தோட்டத்தின் வரலாறு உதவுகிறது. சப்பிரகமுவ தனி மாகாணமானது 1889இல். அதற்கு இருபதாண்டு முன்னர், 1869இல், கோப்பி இலைநோய் தீவில் தலைகாட்டிவிட்டது. கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை ஏறிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர் விலை உயர, கேகாலையிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் காடு வெட்டி இறப்பர் நட்டனர். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் தாழ்நிலத் தோட்டங்கள் பல இக்காலத்து எழுச்சியைக் கண்டவை. களனிப் பள்ளத்தாக்கின் சிறு றெயில்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. 1905இல் காடாக இருந்த இடத்துப் பங்களாவில் செங்கோல் முத்திரைத் துவக்கு இருந்தால், அது வேறெங்கோ ஒரு பங்களாவில் முதலில் வாழ்ந்து பின் குடிபெயர்ந்ததே.

பங்களா எழுமுன்னரே இந்த மாகாணத்துக் கிராமங்களில் துவக்கு இருந்தது. மாவனல்லைக்கு அருகே உதுவன்கந்தையில் மறைந்திருந்த சரதியேலையும் தோழர்களையும் பிடிக்கச் சென்றபோது, 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, சபான் என்னும் மலாய்க் காவலர் சூடுபட்டு இறந்தார். அந்த நாளே இலங்கைப் பொலிசாரின் வீரர் தினமாயிற்று. சரதியேலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் அவ்வாண்டு மே 7ஆந் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

அரசாங்கத்தின் கண் துவக்கின்மீது இறுகியது பின்னரே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டில், 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாயிற்று. பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு துவக்கின் இலங்கை வாழ்க்கையை ஆராய்பவருக்கு இந்தப் பத்திரக் கட்டே முதற் சாட்சி. கட்டு இடையில் அறுந்திருந்தால், அறுந்த ஆண்டையும் நோக்குதல் வேண்டும். 1971 ஏப்பிரிற் கிளர்ச்சியில் இளைஞர்கள் பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளையும் கையால் செய்த குண்டுகளையும் கொண்டே பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். கேகாலை மாவட்டம் அக்கிளர்ச்சியின் களங்களுள் ஒன்று.

பெயர் அழியாமல் நின்ற துவக்கு ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். துவக்கு என்பதைவிடச் சிறு பீரங்கி என்பதே தகும். மதுரை நாயக்கர் வழியில் வந்து கண்டியை ஆண்ட ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில், 1745-46இல், லெவ்கே திசாவை என்னும் பிரதானி அதை மன்னனுக்கு அளித்தார் என்பர். வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கல்லும் பதித்து, சூரியன், பிறை, சிங்கம் ஆகிய அரச சின்னங்களைப் பொறித்து, சிங்கள எழுத்தும் வெட்டிய பொருள் அது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்றனர். ஆம்ஸ்ரடாம் அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்தபின், ஆய்வாளர் அதன் வழியைத் தடம்பற்றி உறுதிசெய்ய, 2023இல் இலங்கைக்குத் திரும்பியது. அந்தக் குழலில் கொடுத்தவன் பெயர் உண்டு, பெற்ற அரசின் சின்னம் உண்டு.

பங்களாத் துவக்கில் உள்ள பெயரோ கடைக்காரனுடையது. பத்திரத்தில் உள்ள பெயர் துரையுடையது. அதைத் தோளில் சுமந்து மழையிரவில் நாற்று மேடையைக் காத்தவன் இவ்விருவரும் அல்லன். காட்டுப்பன்றி கிளறிய இடத்தைக் காட்டிக் கொடுத்தவனும், சம்பள நாளில் பணப்பெட்டிக்குப் பின்னே நடந்தவனும், துரை உள்ளான் வேட்டைக்குச் சேற்று வயலில் இறங்கினால் விழுந்த பறவையைத் தேடி எடுத்தவனும், திரும்பி வந்து ரங்கூன் எண்ணெய் இட்டுக் குழலைத் துடைத்தவனும் தோட்டத்துக் காவற்காரனே. ஆளற்ற இடத்தில் பன்றிக்கு வைத்த கட்டுத் துவக்கில் கால் இடறி வீழ்ந்தவர்களும் பெரும்பாலும் அவனைப் போன்ற ஏழைகளே. அந்தத் துவக்குக்கு முத்திரையும் இல்லை, பத்திரமும் இல்லை.

அந்தக் காவற்காரனின் வழித்தோன்றல்களை இன்று அதே லயத்தில் தேடிப் பயனில்லாமற் போகலாம். 1964 ஒக்டோபர் மாதத்துச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. 1977இலும் 1981இலும் சப்பிரகமுவத் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டபோது வேறு பலர் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். சென்றவர்களுட் சிலர் நீலகிரித் தேயிலையிலும், சிலர் கன்னியாகுமரியிலும் கருநாடகத்துச் சுள்ளியாவிலும் உள்ள இறப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். இரத்தினபுரி மலையில் ஒரு துவக்கு வெடித்த இரவைப் பற்றித் தாத்தா சொன்ன கதை, இன்று சுள்ளியாவில் ஒரு பேரனின் நினைவில் இருக்கக்கூடும். அவனிடம் கேட்பாரில்லை.

பேர்மிங்காமின் பேரேட்டில் இல்லாத அந்தப் பெயர் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டது. காலைப் பிரட்டில் ஆள் எண்ணி, இன்னார் கொழுந்து, இன்னார் பால்வெட்டு, இன்னார் காவல் என்று கணக்கப்பிள்ளை நாள்தோறும் பதிந்த செக்றோல் புத்தகமே அது. பழைய செக்றோல்கள் சில தோட்ட அலுவலகங்களின் பரணில் இன்னும் கிடக்கின்றன. துவக்கின் அடிமுத்திரை தரும் ஆண்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பத்திரக் கட்டில் தோட்டத்தின் பெயர் முதலில் வரும் ஆண்டை மறு கையில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டின் செக்றோலில் காவல் என்று எழுதிய பத்தியைப் பார்த்தால், கறையான் விட்டுவைத்திருக்குமானால், ஓர் ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் கங்காணியின் பெயரும் அங்கே இருக்கும்.